எட்டாவது கல்லுக்குப் பதில் சொன்ன குரல்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி, அருள் வாக்கு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. நாங்கள் குடியிருக்கிற எஸ்டேட் லயத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மற்றவர்கள் வேப்பிலை தேடுவார்கள், நான் மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போவேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான், கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆளும் நான்தான், இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, பெருமைதான். அம்மா இன்றைக்கும் சம்பளச் சீட்டில் கைநாட்டுத்தான் வைக்கிறாள். அதனால் இதைப் படித்துவிட்டு, படித்த பெண்ணே இப்படி எழுதுகிறாளே என்று நீங்கள் நினைத்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வேறு யாராவது எழுதி நான் படித்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் இது நடந்தது நட்டநடு ராத்திரியில் இல்லை, போன வருஷம் தீபாவளி கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு, நாற்பது பேர் நின்றுகொண்டிருந்த இடத்தில்.

சூரியநெல்லியிலிருந்து ஜீப் மட்டும் ஏறுகிற பாதையில் போனால் எங்கள் எஸ்டேட் வரும், பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற மேல் லயத்துக்குப் பின்னால், தேயிலை முடிந்து புல்மேடு ஆரம்பிக்கிற இடத்தில், எட்டுக் கற்கள் நட்டிருக்கும். 'ஏரோப்ளேன்காரங்க கல்லு' என்றுதான் எங்களுக்குப் பழக்கம். இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில், கடல் தாண்டிப் போய் இருட்டில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய வெள்ளைக்காரர்களின் விமானம் ஒன்று மழை மேகத்தில் வழி தவறி எங்கள் மலையில் மோதிவிட்டது. அதில் எட்டுப் பேர். சத்தம் கேட்டு எங்கள் ஆட்கள்தான் விடியும் முன்னே ஏறிப்போய், தாங்கள் போர்த்தியிருந்த கம்பளியிலேயே சுற்றி அவர்களை இறக்கிக்கொண்டு வந்தார்கள். ஏழு பேர்தான் கிடைத்தார்கள். விமானத்தின் வாலில் தனியாக உட்கார்ந்து துப்பாக்கி பிடிக்கிறவர் மட்டும் கிடைக்கவில்லை, அந்த வாலே கிடைக்கவில்லை. போர் முடிந்த பிறகு பட்டாளத்து ஆட்கள் வந்து ஏழு பேரையும் தோண்டியெடுத்து, நகரத்தில் இருக்கிற பெரிய கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆக, ஏழு கற்களுக்குக் கீழே இப்போது யாரும் இல்லை. எட்டாவது கல்லுக்குக் கீழே யாரும் இருந்ததே இல்லை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. தேயிலைத் தோட்டத்தில் காலையில் எல்லோரும் ஒரு களத்தில் வரிசையாக நிற்க வேண்டும், ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டதும் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். இதற்குப் பெரட்டு என்று பெயர். பதில் வராத பெயரை அடித்துவிடுவார்கள். யாராவது ஐந்து நிமிஷம் பிந்திவிட்டால், பக்கத்தில் நிற்கிறவர் அவருக்காகவும் ஒரு 'இருக்கேன்' போட்டு அரைநாள் கூலியைக் காப்பாற்றிக் கொடுப்பார், அதெல்லாம் எங்களுக்குள் சகஜம்.

விமானம் விழுந்த அன்று காலை அந்த ஏழு பேரையும் கிடத்தச் சமதளமான இடம் வேறு இல்லாததால் பெரட்டுக் களத்தில்தான் கிடத்தியிருந்தார்களாம். அப்போது பெரட்டு எடுக்கிறவருக்குக் கங்காணி என்று பேர். அவருக்கு என்ன தோன்றியதோ, எங்கள் ஆட்களைக் கூப்பிட்டு முடித்த கையோடு, கிடந்தவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறார். பெயர் தெரியாது, அதனால் எஸ்டேட் துரையிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட வேலையைச் சொல்லிக் கூப்பிட்டார். வண்டி ஓட்டுறவர், வழி பார்க்கிறவர், வயர்லெஸ் கம்பி பேசுறவர், குண்டு போடுறவர் என்று. யார் யாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்களோ அவர்கள் அந்த ஆளுக்காக 'இருக்கேன் கங்காணி' என்றார்கள். கடைசியில் வால் துப்பாக்கிக்காரரைக் கூப்பிட்டபோது பதில் சொல்ல ஆள் இல்லை, அவரைத்தான் யாருமே தூக்கவில்லையே. அப்போது என் அம்மாவின் தாத்தா, தான் யாரையும் தூக்கவில்லை என்றாலும், வாய் திறந்து 'இருக்கேன் கங்காணி' என்றாராம். ஏன் என்று கேட்டதற்கு, 'பதில் வரலன்னா பேர அடிச்சிருவீக, பொறவு யாரு தேடுவா?' என்று சொன்னதாக எங்கள் வீட்டுக் கதை.

அன்றிலிருந்து வருஷா வருஷம், தீபாவளி கழிந்த முதல் ஞாயிறு காலை, அந்தக் கற்களுக்கு முன்னால் பெரட்டு நடக்கும். எட்டு டம்ளரில் பால் சேர்க்காத கட்டன் சாயா, பிஸ்கட், ஆளுக்கொரு சிகரெட், பீடி வைக்கக் கூடாது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குடும்பம் பதில் சொல்லும். எட்டாவது கல்லுக்கு நாங்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாதான் சொல்லி வந்தாள்.

எனக்கு இது பிடிக்காது. கல்லூரித் தோழிகளை ஒருமுறை ஊருக்குக் கூட்டிவந்தபோது அந்தப் பாதையைச் சுற்றிக்கொண்டு கூட்டிப்போனேன், அவ்வளவு கூச்சம்.

நான் சின்னக்கானல் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். அங்கேதான் ஹெலன் என்கிற வெள்ளைக்கார அம்மா வந்து தங்கினார். எழுபது வயது இருக்கும், கைத்தடியோடு நடப்பார், வந்த அன்றே என் பெயரை மூன்று தடவை சொல்லிப் பழகி கௌசல்யா என்று சரியாகவே கூப்பிட்டார். அந்த வால் துப்பாக்கிக்காரர் அவருடைய தாய்மாமன். நீங்கள் தேடி வந்த மலை என் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று நான் சொன்னபோது, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவே இல்லை.

அவர் பையில் ஒரு சின்ன மரப்பெட்டி இருந்தது. அதில் அவருடைய தாயின் அஸ்தி. அந்தத் தாய்க்கு அண்ணன் விமானத்தில் போனபோது பதின்மூன்று வயது. 'காணவில்லை' என்றுதான் தந்தி வந்திருக்கிறது, செத்துவிட்டார் என்று வரவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா தொண்ணூறு தாண்டும்வரை இருந்திருக்கிறார். வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் செய்யும்போது அண்ணன் பெயரைச் சேர்க்க விட்டதே இல்லையாம். சாகும்போது மகளிடம் கேட்டது இதுதான். அண்ணன் எங்கே கிடக்கிறானோ அங்கே என்னைப் போடு, அது எந்த இடம் என்று உனக்கு நிச்சயமாகத் தெரியாவிட்டால் என்னைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிடு, தெரியாத இடத்தில் தனியாக விட்டுவிடாதே.

ஹெலனுக்கு அந்த நிச்சயம்தான் வேண்டியிருந்தது. விமானம் இந்த மலையில் விழுந்தது பழைய காகிதங்களில் இருந்தது. ஆனால் வாலில் இருந்தவர் அதற்கு முன்பே கடலுக்கு மேல் குதித்திருக்கலாம், அப்படிக் குதித்தவர்கள் உண்டு. "அவர் இங்கேதான் இருக்கிறார் என்று சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?" என்று என்னைக் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் லயத்தில் வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் படித்தவள், தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன் என்கிற வைராக்கியம். "எதுவும் இல்லை. ஒரு கல் மட்டும் இருக்கிறது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் அவர் மலையிறங்க வேண்டும், கொச்சியில் விமானம்.

பெரட்டைப் பற்றியும் நானே சொன்னேன், காலையில் கல்லைப் பார்க்க வரும்போது எப்படியும் பார்க்கத்தானே போகிறார். அவருடைய மாமனுக்காக எங்கள் குடும்பம் பதில் சொல்லும் என்றதும் அவர் கண் விரிந்தது. "நாளைக்கு யார் சொல்வார்கள்?" என்று கேட்டார்.

அதில்தான் சிக்கல். அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி எடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மூன்று வாரத்துக்குப் பேசக் கூடாது, குசுகுசுவென்றுகூடப் பேசக் கூடாது என்று தேனியில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எழுதிக் காட்டவும் அம்மாவுக்குத் தெரியாது, எல்லாம் கையால்தான். ஆக, இந்த வருஷம் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று லயமே முடிவு செய்து வைத்திருந்தது, என்னை யாரும் கேட்கவில்லை.

நான் ஹெலனிடம், "யாரும் சொல்ல மாட்டார்கள்" என்றேன். "நான் சொல்லப்போவதில்லை. உங்கள் மாமனுக்குப் பதிலாக, உங்கள் கண் முன்னாலேயே 'இருக்கேன்' என்று நான் சொன்னால் அது உங்களை ஏமாற்றுகிற மாதிரி ஆகும்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு நன்றி என்றார். மனசார அப்படித்தான் நினைத்தேனா, இல்லை, கல்லைப் பார்த்துக் கத்துகிற கூட்டத்தில் நானும் ஒருத்தியாக ஒரு வெளிநாட்டு அம்மா முன்னால் நிற்க வெட்கப்பட்டேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா சைகையிலேயே என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள், கரண்டியால் பாத்திரத்தைத் தட்டித் தட்டி. பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா வாசலில் நின்றுகொண்டு அம்மாவுக்கும் சேர்த்துப் பேசினாள்.

"ஏட்டி கௌசி, இங்கிலீசு பேசுத வாயி, நாள் பூரா அந்த ஓட்டல்ல வெல்கம் வெல்கம்ங்குது. ஒத்த வார்த்த 'இருக்கேன்'னு சொல்ல வலிக்காக்கும்?"

"பொய் சொல்லணுமாக்கா?"

"ஆமா, நீ பெரிய அரிச்சந்திரி. போன வருசம் எனக்கு ரேசன் கடையில வரிசை புடிச்சு, 'அக்கா இங்கனதான் நிக்கா'ன்னு சொன்னியே, நான் எங்கட்டி நின்னேன்? ஊட்ல கொழம்பு வச்சிட்டுல்லா இருந்தேன்."

வரிசை பிடித்தது உண்மைதான். ஆனாலும் முடிவை மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஆள் மங்கலாகத்தான் தெரிந்தது. கற்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, டம்ளர்களில் கட்டன் ஊற்றி, ஆவி பறந்துகொண்டிருந்தது. எல்லோரும் வேலைக்குப் போகிற மாதிரியே கம்பளியும், இடுப்பில் செடி உரசாமல் இருக்கக் கட்டுகிற படுதாவும் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள், சாமி கும்பிடுகிற நாளிலும் பெரட்டு என்றால் அந்த உடுப்புத்தான். வீடியோ இருக்கிறதா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. பெரட்டில் செல்போனை எடுத்தால் அரைநாள் போய்விடும் என்கிற பயம் எங்கள் ஆட்களுக்குக் கல்லுக்கு முன்னாலும் போகாது. ஹெலனும் எடுக்கவில்லை. எங்கள் கோடிக்கு எதிரே, கற்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தோம், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எட்டாவது கல்லுக்குரிய ஆட்கள் வரிசையின் இடது கோடியில் நிற்க வேண்டும். என் வலது பக்கம் அம்மா. பின்னால் பாக்கியம் அக்கா. என் இடது பக்கம் யாரும் இல்லை, ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு அப்புறம் தேயிலைச் செடி. நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் யாரும் இல்லை.

சூப்பர்வைசர் முருகையா அண்ணன்தான் கூப்பிடுகிறவர். நோட்டுப் புத்தகத்தைப் பிரிக்கவே மாட்டார், ஆனால் கையில் இருக்க வேண்டும்.

"வண்டி ஓட்டுறவரு!"

"இருக்கேன்!" என்று நடு வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்.

"வழி பாக்கிறவரு!"

"இருக்கேன்ணே!"

"என்னலே சவுண்டு கொறையுது? தீவாளிப் பலகாரம் இன்னும் தொண்டையிலயே நிக்கா?" என்று முருகையா அண்ணன் கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள். இப்படித்தான் நடக்கும் எங்கள் பெரட்டு, ஜெபம் மாதிரியெல்லாம் இருக்காது. நான் ஹெலனைப் பார்த்தேன், அவருக்கு மொழி புரியாவிட்டாலும் அந்த ஒரு வார்த்தை பிடிபட்டுவிட்டது என்று தெரிந்தது, ஒவ்வொரு 'இருக்கேன்' வரும்போதும் உதடு அதேபோல அசைந்தது. ஐந்து, ஆறு, ஏழு. அம்மா முழங்கையால் என் விலாவில் இடித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தேன்.

"வால் துப்பாக்கிக்காரரு!"

  முருகையா அண்ணன் என்னையே பார்த்தார். பதில் வராத பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும், அதுதான் முறை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். கைத்தடிமேல் ஹெலனின் விரல்கள் இறுகுவதைப் பார்த்தேன். அந்த நேரத்தில், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது.  சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, இல்லை, வேண்டாம் என்று நினைத்தேன், நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

மூன்றாம் தடவை கூப்பிட்டார்.

"இருக்கேன் கங்காணி."

ஆண் குரல். சின்ன வயசுக் குரல். ரொம்ப நாள் பேசாமல் இருந்த ஆள் முதல் வார்த்தை பேசினால் எப்படி வறண்டு வருமோ அப்படி. கத்தவும் இல்லை, முனகவும் இல்லை, பெரட்டில் நிற்கிற ஆள் பதில் சொல்கிற மாதிரி, அவ்வளவுதான். வெள்ளைக்காரர் தமிழ் பேசுகிற மாதிரியும் இல்லை, எங்கள் லயத்துப் பேச்சு. எனக்கு இடது பக்கம், தோள் உயரத்தில், மிக அருகில் கேட்டது. உடம்பு ஜில்லென்று ஆனது என்றெல்லாம் எழுத மாட்டேன், ஒன்றும் ஆகவில்லை. திரும்பிப் பார்த்தேன். தேயிலைச் செடியும் பனியும்தான்.

முருகையா அண்ணனுக்குத்தான் கோபம் வந்தது. "யாருலே அது, கங்காணிங்கிறது? நக்கலா? நான் என்ன எங்க பூட்டனா?" என்று சத்தம் போட்டார். நியாயம்தான், அந்த வார்த்தையில் யாரும் யாரையும் கூப்பிட்டு எங்கள் எஸ்டேட்டில் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் எல்லோரும் வலது பக்கம் நின்றார்கள், எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா மட்டும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரட்டு கலைந்ததும் நான் முதலில் செய்த காரியம், குனிந்து தரையைப் பார்த்ததுதான். ராத்திரி மழை பெய்து மண் குழைந்திருந்தது. என் செருப்புத் தடம், அம்மாவின் தடம். இடது பக்கம் ஒன்றும் இல்லை.

ஹெலன் நாற்காலியிலிருந்து எழுந்து நேராக என்னிடம் வந்தார். அந்தப் பனியில் அவருடைய வயசான கண்ணுக்கு எங்கள் முகம் சரியாகத் தெரியவில்லை, குரல் எங்கள் மூலையிலிருந்து வந்தது மட்டும் தெரிந்திருக்கிறது. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அது நீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"எனக்காக இரக்கப்பட்டுச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் எனக்குத் தெரிய வேண்டும்."

"நான் வாயே திறக்கவில்லை" என்றேன். அது உண்மை என்று எனக்கு அந்த நிமிஷம் எந்தச் சந்தேகமும் இல்லை.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு சொன்னார், "நேற்று நீங்கள் ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அப்படியும் இல்லை என்றுதான் சொன்னீர்கள். அதனால் இன்றைக்கு நீங்கள் சொல்வதை நம்புகிறேன்."

ஆனால் அவருக்கும் ஒரு குழப்பம் இருந்தது. அவருடைய மாமன் எப்படித் தமிழில் பேசுவார்? நான் அதை மற்றவர்களிடம் சொன்னேன். பாக்கியம் அக்காவுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. "எம்பது வருசமா எங்க பேச்சக் கேட்டுட்டுல்லா கெடக்காரு. பொறவு எதுல சொல்லுவாரு? அந்த அம்மாகிட்ட நல்லா வெளக்கிச் சொல்லுட்டி" என்றாள். நான் விளக்கிச் சொன்னேன். ஹெலன் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழுதார்.

முருகையா அண்ணன்தான் மண்வெட்டி எடுத்துவந்து எட்டாவது கல்லுக்கு அடியில் தோண்டினார். ஹெலன் முழங்கால் போட முடியாமல் போட்டு, பெட்டியைத் தன் கையாலேயே இறக்கினார். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் போட்டார்கள். ஒன்பதாவது டம்ளர் ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்ந்தது, அதிலும் கட்டன் ஊற்றினார்கள். மத்தியானம் அவர் கிளம்பிப்போனார், பை லேசாகிவிட்டது என்று என்னிடம் தூக்கிக் காட்டினார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மனசுக்குள் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டு, வேறு எஸ்டேட் ஆள் எவனோ பனியில் நின்று விளையாடிவிட்டான் என்று என்னையே நம்பவைத்திருப்பேன்.

அன்று முழுக்க அம்மா என்னிடம் ஏதோ சொல்ல முயன்றுகொண்டே இருந்தாள். என் வாயைச் சுட்டிக்காட்டுவாள், பிறகு தன் நெஞ்சைத் தொடுவாள், பிறகு மறுபடி என் வாய். பேசாமல் நின்றுவிட்டதற்குத் திட்டுகிறாள் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே செய்தபோது, எல்லாம் நல்லபடியாக முடிந்ததற்குச் சந்தோஷப்படுகிறாள் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டு, சரிம்மா சரிம்மா என்று தலையாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அவளுக்கு நாலு எழுத்து எழுதத் தெரிந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சின்ன வயசில் நான் ஒருமுறை சிலேட்டை வைத்து அவளுக்குக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தேன், அவள் கை திருந்தவில்லை என்று இரண்டே நாளில் சலித்துப்போய் விட்டுவிட்டேன். பெருமை பேசுகிறவளுக்கு இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துத் தேனிக்குப் போய்த் தொண்டையைக் காட்டி, டாக்டர் பேசலாம் என்று சொல்லி, நாங்கள் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். போடிமெட்டு ஏறும்போது அம்மா முதல் வார்த்தை பேசினாள். குரல் கரகரவென்று இருந்தது.

"நீதாம்ட்டி சொன்ன."

"எதும்மா?"

"அன்னைக்கு. கல்லுகிட்ட. நான் ஒன்னயத்தான பாத்துட்டு நின்னேன். ஒன் வாயிதான் அசைஞ்சுச்சு."

பஸ் வளைவில் திரும்பியது, நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான் சொல்லவே இல்லையே அம்மா, அது ஆண் குரல் இல்லையா என்று கேட்டேன்.

"கொரலு ஒன்னது இல்ல. அது எனக்குத் தெரியாதா? வாயி ஒன்னதுதான். நீ சொல்லி முடிச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பாத்த, யாரோ சொன்ன மாதிரி. நான் அரண்டுட்டேன்ட்டி. அதத்தான் ரெண்டு வாரமா கையக் காட்டுதேன், நீ மண்டைய மண்டைய ஆட்டிட்டுப் போற."

அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி, வாங்கிவந்த சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் அன்றிலிருந்து இதை எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அம்மா தப்பாகப் பார்த்திருக்கலாம், பனி. அழுகையை அடக்கும்போது என் உதடு துடித்திருக்கலாம். அல்லது நானே சொல்லிவிட்டு, சொன்னது எனக்கே தெரியாமல் போயிருக்கலாம், அப்படியும் மனசு செய்யும் என்று எங்கோ படித்திருக்கிறேன், ஆனால் அந்தக் குரல் எப்படி ஆணுடையதாக இருந்தது என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லப்போவதில்லை. ஒருவேளை அது ஹெலனின் மாமனே இல்லையோ, முதன்முதலில் அந்த வார்த்தையைச் சொன்ன அம்மாவின் தாத்தாவோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது. அப்படியென்றால் ஒரு தங்கையை நான் எங்கே விட்டுவைத்தேன்? ஹெலன் நம்பியது குரலை மட்டும் இல்லை, நான் சொன்ன 'இல்லை'யையும்தான். அந்தப் பெட்டி மண்ணுக்குள் போனது என் ஒரு வார்த்தையில்தான். அது உண்மையா பொய்யா என்று சொன்ன எனக்கே தெரியவில்லை. ஹெலன் மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார், நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதுகிறார். அம்மா பஸ்ஸில் சொன்னதை அவருக்கு எழுத நாலைந்து தடவை உட்கார்ந்துவிட்டேன், இதுவரை எழுதவில்லை.

தீபாவளி மறுபடி வரப்போகிறது. இந்த வருஷம் பெரட்டில் ஒன்பது பேரைக் கூப்பிடுவார்களாம், 'வால் துப்பாக்கிக்காரர் தங்கச்சி' என்று முருகையா அண்ணன் ஒன்பதாவதாகச் சேர்த்துவிட்டார். எட்டாவது கல்லுக்கு அம்மா பதில் சொல்வாள், குரல் திரும்பிவிட்டது. ஒன்பதாவது பெயருக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான் என்று லயம் முடிவு செய்துவிட்டது. இந்தத் தடவை நான் மறுக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், கூப்பிடும்போது நீ கல்லைப் பார்க்காதே, என் வாயையே பார்த்துக்கொண்டு நில் என்று.